பௌர்ணமி பஸ்

எங்கள் ஊரில் கடல் கிடையாது. கடல் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் உட்கார்ந்து பாண்டிச்சேரி போக வேண்டும். (சில பேர் பாண்டிச்சேரி போவது கடல் பார்க்க இல்லை. அது வேறு விஷயம்.) இருந்தாலும் திருவண்ணாமலைக்கும் கடலுக்கும் பொதுவாக ஒரு காலண்டர் உண்டு. பௌர்ணமி வந்தால் இரண்டும் பொங்கும்.

எங்கள் ஊர் எப்படிப் பொங்கும் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். கிரிவலம் வந்திருப்பீர்கள். சாதாரண நாளில் சும்மா கிடக்கிற லாட்ஜ் ரூமுக்கு அன்றைக்கு வாடகை கேட்டால், அந்த லாட்ஜையே விலை பேசுகிறார்களோ என்று சந்தேகம் வரும். சிறப்பு பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். 14 கிலோமீட்டர் சாலை முழுக்க ஜனம். எல்லோரும் ஒரே திசையில், மலை வலது கைப் பக்கம் இருக்கும்படி. அதில் செருப்பைத் தவற விட்டவர் திரும்பிப் போய் எடுத்துவிடலாம் என்று எதிர்த்திசையில் பத்தடி நடந்து பார்க்கட்டும். முடியாது. பத்தடி நடப்பதற்குள் இருபதடி முன்னால் தள்ளியிருப்பார்கள். விவரம் தெரிந்தவன் சண்டை போட மாட்டான். ஓரமாக ஒதுங்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுவான். ஓரத்தில் நெருக்கடி கம்மி. கூட்டம் அவனைக் கடந்து போய்க்கொண்டே இருக்கும். அவன் இருந்த இடத்திலேயே இருப்பான்.

இந்த டீக்கடை டெக்னிக்கை ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு ஜந்து பல கோடி வருஷமாகக் கடைப்பிடித்து வருகிறது. இந்த வாரம் அதைப் பற்றித்தான்.

எனக்கு இதைச் சொன்னவர் ஒரு பாங்க் ஆசாமி. பேர் வேண்டாம்; அவர் கிளை மானேஜருக்குக் கோபம் வரலாம். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு, இப்போது கடலே இல்லாத எங்கள் ஊரில் நகைக் கடனுக்குச் சங்கிலி எடை போட்டுக்கொண்டிருக்கிறார். நம் தேசத்தில் இது சகஜம். பூச்சியியல் படித்தவர் ரயில்வேயில் இருப்பார், ரயிலைப் பற்றிப் படித்தவர் அமெரிக்காவில் இருப்பார். ஆனால் இவர் மட்டும் பௌர்ணமி அன்றைக்கு லஞ்ச் டயத்தில் வாட்ச்சைப் பார்த்துவிட்டு, "இன்னேரம் வெள்ளாத்துல தண்ணி வெளியே இறங்கிட்டிருக்கும் சார்" என்பார்.

பரங்கிப்பேட்டை சிதம்பரத்துக்குக் கிழக்கே இருக்கிறது. வெள்ளைக்காரன் வைத்த பேர் போர்ட்டோ நோவோ. 1781-ல் ஹைதர் அலியும் கும்பினியின் தளபதி அயர் கூட்டும் மோதிக்கொண்ட இடம். சேலம் பக்கத்து மலைகளில் பிறக்கும் வெள்ளாறு அங்கேதான் கடலில் சேர்கிறது. ஆற்றங்கரையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. 1960-களிலிருந்து அந்த முகத்துவாரத்துத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். தெற்கே கொஞ்ச தூரத்தில் பிச்சாவரம். 'இதயக்கனி' எடுத்த இடம் என்றால் அப்பாக்களுக்கு உடனே விளங்கும்.

எண்ணுவது எதை? ஆறும் கடலும் கலக்கும் தண்ணீரில் ஒரு குடம் மொண்டு பாருங்கள். சாதாரணமாகத்தான் தெரியும், லேசாகக் கலங்கலாக. அதே தண்ணீரை மெல்லிய பட்டுத் துணி மாதிரி நெருக்கமாக நெய்த கூம்பு வலையில் வடிகட்டினால், வலையின் வாலில் கட்டியிருக்கிற சின்ன புட்டியில் ஏதோ தங்கும். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் திருவிழாக் கூட்டம். நெற்றியில் ஒற்றைக் கண்ணும் நீண்ட மீசையுமாக எகிறிக் குதிக்கும் கோப்பிபாடுகள்தான் பெரும்பான்மை. நடுவே இறால் குஞ்சு, நண்டுக் குஞ்சு, சிப்பிக் குஞ்சு, மீன் முட்டை, கண்ணாடி ஊசி மாதிரி அம்புப் புழு. மொத்தமாக இவர்களுக்குப் பேர் ஜூப்ளாங்க்டன். தமிழில் விலங்கு மிதவைகள் என்கிறார்கள். 'ப்ளாங்க்டன்' என்ற வார்த்தையை 1887-ல் புழக்கத்தில் விட்டவர் ஹென்சன் என்ற ஜெர்மானியர். கிரேக்க மொழியில் அலைந்து திரிவது என்று அர்த்தம். நாடோடி என்று வைத்துக்கொள்ளுங்களேன். தண்ணீர் போகிற போக்கில் போகும், எதிர்த்து நீந்தச் சக்தி கிடையாது. அதுதான் மிதவைக்கு இலக்கணமே.

இங்கேதான் ஒரு சிக்கல். ஆறு எந்தப் பக்கம் ஓடும்? கடலுக்கு. நாளைக்கும் கடலுக்கு, அடுத்த மாதமும் கடலுக்கு. எதிர்த்து நீந்தத் தெரியாத ஜந்து முகத்துவாரத்தில் குடித்தனம் நடத்தினால் என்ன ஆகும்? நாலைந்து நாளில் கடலுக்குள் போய்ச் சேர வேண்டும். ஆனால் ஒரு கோப்பிபாட் முட்டையிலிருந்து வந்து, வளர்ந்து, தானும் முட்டை போட நம் ஊர்ச் சூட்டுத் தண்ணீரிலேயே ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். கணக்குப்படி பார்த்தால் பிள்ளை குட்டி பிறப்பதற்கு முன்னாலேயே வம்சம் காலி. எந்த முகத்துவாரத்திலும் கோப்பிபாடே இருக்கக்கூடாது.

இருக்கிறதே! அகார்ஷியா, ஸூடோடயாப்டோமஸ், ஒய்தோனா என்று (பேரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அவர்களுக்கும் தங்கள் பேர் தெரியாது) வெள்ளாற்றில் வருஷம் பூரா குடியிருக்கிறார்களே. எப்படி?

பதில் சொல்வதற்கு முன்னால் ஓதம் பற்றி நாலு வரி. கடல் தண்ணீர் ஏறி இறங்குவதற்கு நம் பழைய தமிழ்ப் பேர் ஓதம். நிலா இழுக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். பூமியின் நிலா பார்த்த பக்கத்தைக் கொஞ்சம் அதிகமாகவும் எதிர்ப் பக்கத்தைக் கொஞ்சம் கம்மியாகவும் இழுக்கிறது. அந்த வித்தியாசம்தான் ஓதம். அதனால்தான் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் புடைக்கிறது, ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒரு நாளைக்கு என்பது கூடச் சரியில்லை. நிலாவும் நகர்வதால் 24 மணி 50 நிமிஷம் ஆகும். இன்றைக்குக் காலை 6 மணிக்கு ஏற்றம் என்றால் நாளைக்கு 6.50 வாக்கில். நம் டவுன் பஸ்ஸை விட ஒழுங்கான டைம்டேபிள்.

சூரியனும் இழுக்கிறது, நிலாவின் பலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக. அமாவாசை, பௌர்ணமியில் மூன்று பேரும் நேர் கோட்டில் வருவதால் இரண்டு இழுப்பும் கூடிக்கொள்கின்றன. ஏற்றம் ரொம்ப ஏறும், வற்றம் ரொம்ப வற்றும். அமாவாசைக்குக் காருவா, பௌர்ணமிக்கு வெள்ளுவா என்று அழகான தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன. நாம்தான் தொலைத்துவிட்டோம்.

ஒரு சின்ன இடைச்செருகல். "நம்ம உடம்பில் 70 பர்சென்ட் தண்ணி, அதனால பௌர்ணமிக்கு நமக்குள்ளேயும் அலை அடிக்கும்" என்று யாராவது சொன்னால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஆறடி உயரத்தில் நிலாவின் இழுப்பு தலைக்கும் காலுக்கும் என்ன வித்தியாசம் காட்டிவிடப் போகிறது! பூமி மாதிரி 12 ஆயிரம் கிலோமீட்டர் குறுக்களவு வேண்டும். அப்படிப் பார்த்தால் ஏறி இறங்குவது எங்கள் ஊர்தான். கெட்டியான தரைக்கும் ஓதம் உண்டு. அண்ணாமலையார் மலை, கோயில், பஸ் ஸ்டாண்டு, என் ஆபீஸ் டேபிள் எல்லாமே ஒரு நாளைக்கு இரண்டு தடவை சுமார் ஓர் அடி ஏறி இறங்குகிறது. சுற்றியிருக்கும் எல்லாமே சேர்ந்து ஏறுவதால் நமக்குத் தெரிவதில்லை.

கழிமுகத்துக்கு வருவோம். ஏற்றம் வரும்போது கடல் தண்ணீர் ஆற்றுக்குள் புகுந்து மேலே ஓடுகிறது. வற்றத்தில் திரும்புகிறது. தமிழ்நாட்டுக் கரையில் ஓதம் ஒன்றும் பிரமாதமில்லை. பெரிய பௌர்ணமிக்கே ஒரு மீட்டர் வாக்கில்தான். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் மூன்று மாடி உயரத்துக்கு வரும். கனடாவில் ஃபண்டி வளைகுடாவில் 16 மீட்டர் வரை கூட. ஆனால் நம் ஆறுகள் முகத்துவாரத்தில் தட்டையானவை. ஒரு மீட்டர் ஏறினாலே உப்புத் தண்ணீர் பல கிலோமீட்டர் உள்ளே போய்விடும்.

பாங்க் நண்பர் மாணவராக இருந்தபோது 24 மணி நேர சாம்பிள் எடுப்பார்களாம். ஒரு படகை ஆற்றில் ஒரே இடத்தில் நங்கூரம் போட்டுக்கொண்டு, மூன்று மணிக்கு ஒரு தடவை வலை விடுவது. பகல், ராத்திரி, கொசு, பசி எல்லாவற்றோடும். "தூங்கினா வழிகாட்டி கொன்னுடுவார் சார். ஆனா பாருங்க, படகு நகரவே இல்லை, கீழே ஊர் மாறிக்கிட்டே இருக்கும்."

ஊர் மாறுவது என்றால்: வற்றத்தின் கடைசியில் வலை விட்டால் நல்ல தண்ணீர் சாதிகள் வரும். ஏற்றம் பாதி ஆனதும் அவை காணாமல் போய், அம்புப் புழு போன்ற சுத்தக் கடல்வாசிகள் வருவார்கள். உப்பைச் சோதித்தால் அதுவும் கூடவே ஏறியிருக்கும். இது சாதாரண சமாசாரம்தான். தண்ணீர் இடம் மாறுகிறது, அதிலிருப்பதும் மாறுகிறது. ரயில் ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரி.

அசாதாரணம் எங்கே தெரிகிறது என்றால், மேலே ஒரு வலை, அடியில் ஒரு வலை என்று இரண்டாக விட்டுப் பார்க்கும்போது. உலகத்தில் பல முகத்துவாரங்களில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஏற்றத்தின்போது சில ஜாதிகள் மேல் வலையில் நிறைய அகப்படுகின்றன. தண்ணீர் திரும்பிக் கடலை நோக்கி ஓட ஆரம்பித்ததும் மேல் வலை காலியாகி, அடி வலை நிரம்புகிறது. அடுத்த ஏற்றத்தில் மறுபடி மேலே.

நம் டீக்கடை டெக்னிக்! ஆற்றின் அடியில் தரையின் உராய்வால் ஓட்டம் மெதுவு. மேலே வேகம். உள்ளே போகிற தண்ணீர் வரும்போது மேலே ஏறிக்கொள். வெளியே போகிற தண்ணீர் வரும்போது கீழே இறங்கிப் பெஞ்சில் உட்கார்ந்துகொள். எதிர்த்து ஒரு அடி கூட நீந்த வேண்டாம். எந்த பஸ்ஸில் ஏறுவது என்று தெரிந்தால் போதும்.

இதில் லாபக் கணக்கு பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் ஜந்து செகண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் மேலே ஏறுவதாக வைத்துக்கொள்வோம். மூன்று மீட்டர் ஆழத்தைக் கடக்க 50 நிமிஷம். மேலே தண்ணீர் சராசரியாக செகண்டுக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடினால், ஆறு மணி நேரத்தில் ஆறு கிலோமீட்டருக்கு மேல் சவாரி. மூன்று மீட்டர் உழைப்புக்கு ஆறு கிலோமீட்டர் சம்பளம்! இப்படி ஒரு இன்க்ரிமென்ட் உங்கள் ஆபீஸில் யாருக்காவது கிடைத்திருக்கிறதா?

இதற்குத் துணையாக இன்னொரு ஏற்பாடும் உண்டு. உப்புத் தண்ணீர் கனம், நல்ல தண்ணீர் லேசு. ஆற்றில் நல்ல வரத்து இருக்கிற காலத்தில், ஆற்றுத் தண்ணீர் மேலாகக் கடலுக்குப் போகும். அடியில் கடல் தண்ணீர் மெதுவாக உள்ளே வரும். இரண்டு அடுக்கு ரோடு மாதிரி, கீழே வருவது, மேலே போவது. அப்போது அடியிலேயே கிடந்தாலும் மெல்ல மெல்ல உள்ளே கொண்டுபோய் விட்டுவிடும்.

எப்போது ஏற்றம், எப்போது வற்றம் என்று இவர்களுக்கு யார் சொல்கிறார்கள்? உப்பு கூடுவதை உணர்கிறார்கள். தலைக்கு மேல் தண்ணீர் உயரும்போது அழுத்தம் கூடுவதை இறால் குஞ்சு உணர்கிறது. இதெல்லாம் சரி, வெளியிலிருந்து வரும் தகவல். 1979-ல் 'சயின்ஸ்' பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரைதான் என்னை நிஜமாகவே அசத்தியது. அமெரிக்காவின் வட கரோலினாவில் க்ரோனின், ஃபார்வர்ட் என்று இருவர் முகத்துவாரத்திலிருந்து நண்டுக் குஞ்சுகளைப் பிடித்து வந்து ஆய்வுக்கூடத்தில் வைத்தார்கள். ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை, பகல் ராத்திரி மாற்றம் இல்லை. அப்படியும் அந்தக் குஞ்சுகள் ஆற்றில் ஓதம் மாறுகிற கணக்குக்கே மேலே ஏறி, கீழே இறங்கின! உள்ளே கடிகாரம் இருக்கிறது. ஆற்றை விட்டுத் தூக்கி வந்தாலும் ஆற்றின் நேரத்தையே காட்டுகிற கடிகாரம். (துபாயில் இருந்துகொண்டு இந்திய நேரத்துக்குப் பசி எடுக்கிறவர்கள் நம்மில் இல்லையா?)

யோசித்துத்தான் செய்கிறதா என்று கேட்டால், பாவம், யோசிக்கிற அளவுக்கு மூளை ஏது! தப்பான நேரத்தில் மேலே ஏறியவர்கள் எல்லாம் கடலோடு போய்விட்டார்கள். ஆற்றில் அவர்களுக்குப் பேரன் பேத்தி கிடையாது. சரியாக ஏறியவர்களின் சந்ததிதான் பாக்கி. டார்வின் கணக்கு.

எல்லோருக்கும் உள்ளேயே இருக்க ஆசை என்றும் நினைத்துவிடக் கூடாது. பிச்சாவரத்துச் சேற்றில் ஒற்றைப் பெரிய கொடுக்கை ஆட்டி ஆட்டிக் கூப்பிடுகிற குட்டி நண்டு பார்த்திருப்பீர்கள். இந்த நண்டு வகைகளில் பல, உவா நாட்களை ஒட்டி, ராத்திரி ஏற்றத்தின் உச்சத்தில் குஞ்சு பொரிய விடுகின்றன. பொரிந்த உடனே தண்ணீர் திரும்பும். இருட்டு வேறு, மீன் கண்ணில் படாது. விடிவதற்குள் குஞ்சுகள் கடலை நோக்கிக் கணிசமான தூரம் போய்விடும். ஹாஸ்டலுக்குப் பிள்ளையை அனுப்புகிற மாதிரி, கடலில் வளர்ந்து, உருமாறி, சில வாரம் கழித்து ஏற்றத்தில் தொற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். இறால் கதை இதற்குப் பக்கத்து வீடு. நாரன் இறால் முட்டை போடுவது கடலில். குஞ்சு இரண்டு மூன்று வாரத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வந்ததும், ஏற்றத்தில் ஏறிக் கழிமுகத்துக்குள் வந்து, சேறும் சதுப்புமாக இருக்கிற இடத்தில் தின்று கொழுத்து, மறுபடி கடலுக்குத் திரும்பும். உள்ளே வராத இறால் பெரிசாவது கஷ்டம்.

இந்த டைம்டேபிளை விஞ்ஞானிகளுக்கு முன்னாலேயே கேரளத்து விவசாயி கண்டுபிடித்துவிட்டான். கொச்சியைச் சுற்றி பொக்காளி வயல்கள் என்று உண்டு. மழைக் காலத்தில் நெல். அறுவடை ஆனதும் அதே வயலில் உப்புத் தண்ணீரை விட்டு இறால். குஞ்சு வாங்கி விடுவதில்லை. ராத்திரி ஏற்றம் வரும்போது மதகைத் திறந்து, மதகின் மேல் ஒரு விளக்கைத் தொங்கவிடுவார்கள். வெளிச்சத்தைத் தேடி இறால் குஞ்சுகள் தண்ணீரோடு உள்ளே வரும். வற்றத்தில் மதகுக்குத் தட்டி போட்டு மறித்துவிடுவார்கள். வளர்ந்த இறாலைப் பிடிப்பதும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான். அன்றைக்குத்தான் தண்ணீர் வேகமாக வெளியேறும், இறாலும் வெளியேறப் பார்க்கும், மதகில் வலை. ஒரு விளக்கு, ஒரு மதகு, ஒரு பஞ்சாங்கம். அவ்வளவுதான் முதலீடு.

"இதெல்லாம் கடலோரத்துக்காரன் கவலை, நமக்கென்ன" என்று நான் கேட்டதற்கு பாங்க் நண்பர், "சாத்தனூர் எந்த ஜில்லா சார்?" என்றார்.

அதுதான் விஷயம். சாத்தனூர் அணை திருவண்ணாமலை மாவட்டம். 1958-ல் கட்டி முடித்தது, 119 அடி. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய் முதலை பார்த்துவிட்டு, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வருகிற இடம். அது தடுத்து வைத்திருப்பது தென்பெண்ணையை. நந்தி மலையில் பிறந்து, கிருஷ்ணகிரி வழியாக வந்து, எங்கள் ஜில்லாவைத் தாண்டி, திருக்கோவிலூர் போய், கடலூருக்கு வடக்கே கடலில் சேர்கிற ஆறு. கடலே இல்லாத எங்கள் ஜில்லாவின் கையில் கடலூர் முகத்துவாரத்தின் குழாய் இருக்கிறது.

குழாயை முழுசாகத் திறந்தால் என்ன ஆகும் என்பது 2024 டிசம்பரில் தெரிந்தது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30-ம் தேதி கரை கடந்துவிட்டு நகராமல் அடம் பிடித்தது. டிசம்பர் 1-ம் தேதி எங்கள் ஊர் மலைச் சரிவில் மண் சரிந்து ஏழு பேர் போனார்கள். பாதிப் பேர் குழந்தைகளுக்கும் மேல். அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை. அன்று ராத்திரி சாத்தனூரிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறக்க வேண்டி வந்தது. 12 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரி தெரியுமல்லவா? ஒவ்வொரு வினாடியும் அந்த மாதிரி 350 லாரி. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஆற்றோரம் முழுக்கத் தண்ணீர்.

அந்த வெள்ளத்துக்கு முன்னால் எந்த டீக்கடை டெக்னிக்கும் செல்லாது. டீக்கடையே போய்விடும். இவ்வளவு வரத்து வந்தால் முகத்துவாரத்தில் உப்பு ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வரும், ஏற்றம் வந்தாலும் கடல் தண்ணீரால் உள்ளே தலை காட்ட முடியாது. மிதவைகள் மொத்தமாகக் கடலுக்கு. இது வருஷா வருஷம் சின்ன அளவில் நடப்பதுதான். வெள்ளாற்றுக் கணக்கிலும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மிதவைகள் குறைவு, கோடையில் அமோகம். வெள்ளம் வடிந்ததும் ஏற்றம் மெல்ல மெல்ல உள்ளே ஏறும்; கூடவே கடலோரம் தங்கியவர்கள் திரும்புவார்கள். சில கோப்பிபாடுகள் இன்ஷூரன்ஸ் வேறு எடுத்து வைத்திருக்கின்றன. உறங்கும் முட்டைகளைச் சேற்றில் போட்டு வைக்கும். மாசக் கணக்கில், சில சமயம் வருஷக் கணக்கில் கூட, பொரியாமல் கிடந்து, தோதான காலத்தில் பொரியும். ஆக வெள்ளம் அவர்களுக்குப் பழகின கஷ்டம்.

பழகாத கஷ்டம் குழாயை மூடுவதில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் அலைகள் கரையோரமாகவே மணலைத் தள்ளிக்கொண்டு போகும், ஓய்வில்லாமல். ஆற்று வாயில் அந்த மணல் மேடு கட்டப் பார்க்கும். அதை உடைத்து வைப்பது இரண்டு பேர்: மேலேயிருந்து வரும் ஆற்று நீர், கடலிலிருந்து போய் வரும் ஓதம். ஆற்றை அணைக்கு அணை நிறுத்திவிட்டால் ஒரு ஆள் லீவு. நம் ஓதமோ ஒரு மீட்டர் சோப்ளாங்கி. தனியாக எத்தனை நாள் தாக்குப் பிடிக்கும்? வாய் அடைத்துக்கொள்கிறது. சென்னையில் அடையாறு முகத்துவாரம் இப்படி மணல் மூடி மூடி, பொக்லைன் வைத்துத் தோண்டித் திறக்கிற வேலை ஓய்வதே இல்லை. உடைந்த பாலத்துப் பக்கம் சினிமா ஷூட்டிங் பார்க்கப் போனவர்கள் அந்த மணலையும் பார்த்திருப்பார்கள்.

வாய் மூடிய ஆற்றில் பௌர்ணமி வந்தாலும் ஒன்றும் நடக்காது. வெளியே கடல் ஏறும், மணல் மேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டு இறங்கும். உள்ளே கடிகாரம் வைத்திருக்கிற நண்டுக் குஞ்சு சரியான நேரத்துக்கு மேலே ஏறும், தண்ணீர் அசையாது. ஸ்ட்ரைக் அன்றைக்கு பஸ் ஸ்டாப்பில் நிற்கிற மாதிரி. வெளியே இறால் குஞ்சு இருக்கும், உள்ளே வர வழியிருக்காது. உள்ளே தேங்கின தண்ணீர் கோடையில் சுண்டிக் கடலை விட உப்பாகும், அல்லது ஊர்ச் சாக்கடை சேர்ந்து பிராணவாயு இல்லாமல் நாறும். கோப்பிபாட் போனால் அதைத் தின்கிற மீன் குஞ்சு போகும், அப்புறம் மீன். மடவை, கொடுவா எல்லாம் குஞ்சுப் பருவத்தில் இந்தக் கழிகளை நம்பி வருகிறவர்கள்தான். கழியில் இறங்கித் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடித்துப் பிழைக்கிறவர்கள் நம் கடலோரம் முழுக்க உண்டு. படகு கிடையாது, டீசல் கிடையாது. கழுத்தில் மாட்டிய ஒரு பை. ஓதம் உள்ளே வராவிட்டால் அன்றைக்கு அந்தப் பையில் ஒன்றும் இருக்காது.

அணையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாத்தனூர்த் தண்ணீரில் விளைந்த நெல்லைத்தான் மத்தியானம் சாப்பிட்டேன். ஆனால் 'கடலுக்குப் போய் வீணாகிறது' என்று மேடைக்கு மேடை ஒரு வாக்கியம் வருகிறதே, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இப்போது பாங்க் நண்பர் முகம்தான் ஞாபகம் வருகிறது. ஆற்று வாயைத் திறந்து வைக்கிற அளவுக்காவது தண்ணீர் போய்ச் சேர வேண்டும். போனால் அது வீண் இல்லை, அந்தப் பைகளுக்குள் போகிறது. எவ்வளவு விடுவது, எந்த மாதத்தில் விடுவது என்பதைப் பாசனக் கணக்கு எழுதுகிற அதே நோட்டில் ஒரு பத்தியாகச் சேர்க்கலாம். பஸ் டைம்டேபிள்தான் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறதே.

போன ஞாயிற்றுக்கிழமை நண்பரோடு மீன் மார்க்கெட் போனேன். ஐஸ் பெட்டியில் இறால். வாங்கலாமா என்று கேட்டதற்கு ஒன்றைத் தூக்கி வாலைத் திருப்பிப் பார்த்தார். "வனாமி சார்" என்றார். பசிபிக் கரையைச் சேர்ந்த ஜாதி. 2009-லிருந்து நம் நாட்டுப் பண்ணைகளில் வளர்க்க அனுமதி. தாய் இறாலே வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருகிறது. குஞ்சு பொரிப்பகத்துத் தொட்டியில் பொரிந்து, பிளாஸ்டிக் பையில் ஆக்சிஜன் நிரப்பி, வேனில் ஏறிப் பண்ணைக்குப் போய், குளத்தில் வளர்ந்து, ஐஸில் படுத்து எங்கள் ஊருக்கு வந்து சேர்கிறது. அரைக் கிலோ வாங்கினோம். நன்றாகத்தான் இருந்தது.